அம்மாவின் சேலைகளில் ஒட்டுப்போர்வை: அடித்துணியாக ஃபிளீஸ் போடலாமா?

செந்தூல் கயல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இன்றுதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அலமாரியில் அவருடைய வாயல் சேலைகள் பதினொன்று இருக்கின்றன. பட்டையெல்லாம் தங்கைகளுக்குக் கொடுத்துவிட்டோம். இவை வீட்டில் கட்டியவை, யாரும் கேட்கவில்லை. அப்பா செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) போகிறார். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிரில் அவருக்குப் பற்கள் கிட்டிப்போகின்றன. வீட்டிலிருந்து கொண்டுபோகும் மெல்லிய போர்வை போதவில்லை. அதனால் இந்தச் சேலைகளைச் சதுரங்களாக வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கலாம் என்று நினைத்தேன்.

போன வாரம் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவுக்குப் போனபோது அடித்துணிக்காகக் கருநீல ஃபிளீஸ், அதாவது கம்பளிபோல் மெத்தென்ற துணி, இரண்டு மீட்டர் வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். "கோலாலம்பூர் வெயிலுக்குக் கம்பளியா?" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. "ஃபிளீஸ் இழுபடும், மேல்துணியையும் சேர்த்துக் கெடுத்துவிடும்" என்கிறார் அலுவலகத் தோழி. எனக்கு ரவிக்கையும் பாஜு கூரோங்கும் தைக்கத் தெரியும், ஒட்டுப்போர்வை இதுதான் முதல். நடுவில் பஞ்சு வைக்க வேண்டுமா? ஃபிளீஸையே மாற்றிவிடட்டுமா? சேலையில் கத்தரி வைத்த பிறகு யோசித்துப் பயனில்லை என்பதால் முன்கூட்டியே கேட்கிறேன்.

பருத்திப்பித்தன்

மாற்றிவிடுங்கள். பகலில் 33 பாகை, இரவிலும் 24ஐ ஒட்டியே நிற்கும் ஊர் நம்முடையது. ஃபிளீஸ் என்பது பாலியஸ்டர், அதாவது பிளாஸ்டிக். தன் எடையில் ஒரு விழுக்காடு ஈரத்தைக்கூட அது உறிஞ்சாது. பருத்தி ஏறத்தாழ எட்டு விழுக்காடு உறிஞ்சும். வேர்வை போக இடமில்லாத துணியைத் தூக்கி நோயாளியின் மேல் போடுவார்களா?

சுங்கைப் பட்டாணிப் பக்கத்துத் தோட்டத்தில் என் பாட்டி பழஞ்சேலைகளை நான்கு மடிப்பாக அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டே போர்வை செய்வார். பஞ்சும் கிடையாது, கம்பளியும் கிடையாது. வங்காளத்துக் காந்தாவும் இதே முறைதான். பதினொரு சேலை இருக்கும்போது அடித்துணிக்குக் கடைக்கு எதற்குப் போக வேண்டும்?

ஜார்ஜ்டவுன் நூல்கண்டு

கயல், அவசரம் வேண்டாம். கத்தரி இன்னும் இரண்டு நாள் சும்மா கிடக்கட்டும்.

பித்தன் அண்ணன் சொல்வதில் பாதி சரி. வீட்டில், மின்விசிறிக்கு அடியில் படுப்பவருக்கு ஃபிளீஸ் தேவையே இல்லை. என் வீட்டிலும் படுக்கைக்குப் பருத்தி அடித்துணிதான். ஆனால் போர்வை போகப்போவது எங்கே என்று பாருங்கள். ஊர் வெப்பநிலை ரத்தச் சுத்திகரிப்பு நாற்காலிக்குப் பொருந்தாது. நான்கு மணி நேரம் அசையாமல் குளிர்காற்றில் கிடப்பவருக்கு வேர்வை ஒரு பிரச்சினையே இல்லை.

ஃபிளீஸ் அடித்துணியில் எனக்குப் பிடித்த விஷயம் அகலம். ஒட்டுப்போர்வைக்கென்று விற்கும் பருத்தி 44 அங்குலத்துக்கு மேல் அரிதாகவே வரும், நடுவில் ஒட்டுப்போட்டாக வேண்டும். ஃபிளீஸ் 60 அங்குல அகலத்தில், அதாவது ஏறத்தாழ 150 சென்டிமீட்டரில் வரும். ஒட்டே இல்லாமல் ஒரே துண்டாகப் போய்விடும். பின்னல் துணி என்பதால் வெட்டிய ஓரம் பிசிறடிக்காது. அதன் மயிர்ப்பரப்பு மேல்துணியைப் பிடித்துக்கொள்வதால், பருத்தி மேல் பருத்தி வழுக்குவதுபோல் வழுக்காது.

நடுப்பஞ்சு வைக்காதீர்கள். முதல் முறை செய்பவர்கள் எல்லோரும் வைப்பார்கள், நானும் வைத்தேன். மெத்தையை மடித்துத் தூக்குவது போலாகிவிட்டது. சுற்றினால் தலையணை அளவுக்கு உருளும், சலவை இயந்திரத்தில் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கல்லாய்க் கனக்கும். ஃபிளீஸே பஞ்சு, ஃபிளீஸே அடித்துணி. நீங்கள் வாங்கியது எவ்வளவு தடிமன்? சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் இருந்தால் நல்லது. 300 கிராம் என்றால் குளிர்சட்டைக்குப் போகட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. மீட்டர் கணக்கில் ஃபிளீஸ் கிடைக்காவிட்டால் தயாராக விற்கும் ஃபிளீஸ் போர்வையையே அடித்துணியாக்கலாம். பத்து காவானில் இருக்கும் ஐக்கியாவில் போலார்வீடே என்று ஒன்று விற்கிறார்கள், 130க்கு 170 சென்டிமீட்டர். ஓரத் தையலைப் பிரித்துவிட்டால் அருமையான அடித்துணி. என் பேரப்பிள்ளைகளின் போர்வை மூன்றுக்கும் முதுகில் அதுதான்.

ரவாங் ராணி

தோழி சொன்ன "இழுபடும்" கதைக்கு நானே சாட்சி. பருத்திக்குச் செய்வதுபோல் ஃபிளீஸைத் தரையில் விரித்தேன். நான்கு பக்கமும் டேப் ஒட்டி, சுருக்கமே இல்லாமல் தம்புராத் தந்திபோல் இழுத்துக் கட்டினேன். மேல்துணியைப் போட்டு, ஊக்கு குத்தி, தைத்தும் முடித்தேன். டேப்பை எடுத்ததும் ஃபிளீஸ் தன் பழைய அளவுக்குத் திரும்பிப் போனது. மேல்துணி முழுக்க எண்ணெயில் போட்ட அப்பளம்! ஆறு இரவு வேலை. பிரிக்க மனமில்லாமல் நாய்க்குக் கொடுத்துவிட்டேன். நாய் மிகவும் சந்தோஷமாக இருக்கிறது.

ஜார்ஜ்டவுன் நூல்கண்டு

ராணி, சிரித்ததற்கு மன்னியுங்கள்.

நெசவுத் துணியில் பாவும் ஊடையும் குறுக்குநெடுக்காக ஒன்றையொன்று பூட்டிக்கொண்டிருக்கும், இழுத்தாலும் கொடுக்காது. ஃபிளீஸ் வளையம் வளையமாகப் பின்னி, பிறகு மயிர் எழுப்பிய துணி. அகலவாக்கில் நன்றாகக் கொடுக்கும், நீளவாக்கில் கொஞ்சம்தான். ஆகவே தரையில் விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிடுங்கள், இழுக்காதீர்கள். டேப் அது நகராமல் இருக்க மட்டும்தான். ஒட்டிய பிறகு நடுவில் இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி சுலபமாக மேலே வந்தால் சரி, விண்ணென்று எதிர்த்தால் டேப்பை எடுத்துவிட்டு மறுபடி விரியுங்கள்.

மேல்துணியை விட எல்லாப் பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக விடுங்கள். ஊக்கை உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகக் குத்துங்கள். சோம்பல் பட்டால் ராணியின் நாய்க்குத் துணை கிடைக்கும்.

நல்ல பக்கம் எது என்று குழம்பினால், கரையிலிருந்து கரைக்குக் குறுக்காக வெட்டிய ஓரத்தைப் பிடித்து அகலவாக்கில் இழுங்கள். ஓரம் எந்தப் பக்கம் சுருண்டு போகிறதோ அது தப்புப் பக்கம்.

பட்டர்வொர்த் தையல்காரர்

கயல் அம்மா, நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவன். இப்போது கண் மங்கிவிட்டதால் கடையை மூடிவிட்டேன், வாயை மூடவில்லை.

பெண்கள் எல்லோரும் துணியைப் பற்றியே பேசுகிறீர்கள். மிஷினைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மிஷினுக்கு அடியில் பல் இருக்கிறது. அந்தப் பல் கீழ்த்துணியை மட்டும் கடித்து இழுக்கும். மேலே அழுத்துக்கால் வெறுமனே உட்கார்ந்திருக்கும். கீழே தடியான ஃபிளீஸ், மேலே காற்றில் பறக்கிற வாயல். கீழ்த்துணி ஓடிவிடும், மேல்துணி காலுக்கு முன்னால் அலையாகக் குவியும். கடைசிச் சதுரத்துக்கு வரும்போது அரை அங்குலம் மடிப்பு விழுந்திருக்கும். இதற்கு மருந்து வாக்கிங் ஃபுட். அந்தக் காலுக்கும் சொந்தமாகப் பல் உண்டு, கீழ்ப்பல்லோடு சேர்ந்து மேல்துணியையும் நடத்திக்கொண்டு போகும். உங்கள் மிஷினில் கால் மாட்டும் தண்டு குட்டையா நெட்டையா என்று பார்த்து வாங்குங்கள், மாறினால் பொருந்தாது. காலின் அழுத்தத்தைக் குறைக்கத் திருகு இருந்தால் அதையும் கொஞ்சம் தளர்த்துங்கள்.

ஊசி 90ஆம் எண். தையல் விட்டுவிட்டு விழுந்தால் பின்னல் துணிக்கான உருண்டை முனை ஊசிக்கு மாறுங்கள். தையல் நீளம் மூன்று, மூன்றரை மில்லிமீட்டர். ரவிக்கைக்கு வைக்கிற இரண்டரையில் தைத்தால் ஃபிளீஸுக்குள் தையல் புதைந்துபோகும், பிரிக்கவேண்டி வந்தால் அழுவீர்கள். நடுக்கோட்டில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போங்கள். சதுரங்கள் சேரும் கோட்டின் மேலேயே நேர்த்தையல், அது போதும். மூலைவிட்டமாகத் தைக்கிற ஆசையை அடுத்த போர்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அந்தத் திசையில் சேலையும் கொடுக்கும், ஃபிளீஸும் கொடுக்கும்.

இன்னொன்று. பழைய வாயல் இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடுப்பில் செருகிய இடமும் ஓரம் உரசிய கீழ்ப்பாகமும் சல்லடையாகத் தெரியும். முந்தானையும் உடலின் நடுப்பாகமும் பெரும்பாலும் நன்றாக இருக்கும், அங்கிருந்து வெட்டுங்கள். வெட்டுவதற்கு முன் சேலையின் பின்புறம் மெல்லிய பசைத்துணி வைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். வாயல் காகிதம்போல் நிற்கும், சதுரம் கோணாது, கால் அங்குலத் தையலிலும் நூல் உருவிக்கொண்டு வராது.

செந்தூல் கயல்

ஐயா, இஸ்திரி என்றதும் சொல்லத்தான் வேண்டும். பொறுக்க முடியாமல் நேற்று ஃபிளீஸின் ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டேன். பருத்திச் சூடு, மூன்றே நொடி. அந்த இடத்து மயிரெல்லாம் படுத்துவிட்டது. கறுப்பாகப் பளபளக்கிறது, தடவினால் மழைச்சட்டை மாதிரி இருக்கிறது. துவைத்தால் எழுமா?

பட்டர்வொர்த் தையல்காரர்

எழாது அம்மா. அது உருகிவிட்டது. அந்த மூலையைச் சோதனைத் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள், வீணில்லை.

மேல்துணியில் எத்தனை இஸ்திரி போட வேண்டுமோ அத்தனையையும் ஃபிளீஸைத் தொடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்த பிறகு வீட்டில் இஸ்திரிப் பெட்டி இருப்பதையே மறந்துவிடுங்கள்.

மூன்றாம் மாடி

ஃபிளீஸை முன்கூட்டித் துவைக்க வேண்டுமா?

ஜார்ஜ்டவுன் நூல்கண்டு

ஃபிளீஸ் சுருங்காது. சாயத்துக்காக ஒரு முறை அலசினால் போதும், அதிலும் கருநீலம் என்பதால் அலசிவிடுவதே நல்லது. சுருங்கக்கூடியது பருத்தி. கயலின் சேலைகள் நூறு தடவை துவைத்தவை, இனிச் சுருங்க அவற்றில் ஒன்றும் மிச்சமில்லை. புதுத் துணியில் மேல்பாகம் செய்பவர்கள் கட்டாயம் துவைத்துவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் மேல்துணி சுருங்கும், கீழே ஃபிளீஸ் அசையாமல் நிற்கும். அந்தச் சுருக்கத்தை அழகு என்று சொல்லிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

காஜாங் தாதி

கயல் அக்கா, நான் ரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். தையல் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, இந்த இழையை அம்மாதான் காட்டினார்.

முதலில் அளவு. அப்பாவின் ஊசி போடும் கை எப்போதும் போர்வைக்கு வெளியே இருக்க வேண்டும். ஊசி நழுவினாலோ ரத்தம் கசிந்தாலோ நாங்கள் பார்த்தவுடனே தெரிய வேண்டும். பெரிய போர்வை கொண்டுவருபவர்கள் தூக்கத்தில் கழுத்துவரை இழுத்துவிடுவார்கள், கை மறைந்துவிடும். நாங்கள் மறுபடி மறுபடி விலக்கிக்கொண்டே இருப்போம். மார்புக்குக் கீழிருந்து பாதம்வரை மூடினால் போதும். அகலமும் நாற்காலியைத் தாண்டித் தொங்கக்கூடாது, சக்கரத்தில் மாட்டும்.

குளிர்வது குளிர்சாதனத்தால் மட்டும் இல்லை. அப்பாவின் ரத்தம் உடலைவிட்டு வெளியே வந்து, குழாய்களில் ஓடித் திரும்புகிறது. போகும் வழியில் சூடு குறையும். மேல்சட்டை போட்டவர்கூட கால் சில்லிடுகிறது என்பார். முடிந்தால் கீழ் ஓரத்தில் பாதம் நுழைக்க ஒரு பை மாதிரி வைத்துத் தையுங்கள்.

ரத்தத் துளி பட்டால் குளிர்ந்த நீரில் உடனே அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது துவைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தே தையுங்கள்.

செந்தூல் கயல்

தாதி, நீங்கள் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "கையை மூடினால் அந்தப் பிள்ளைகள் திட்டும்" என்று அவரே சொன்னார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டால், "நீ தைப்பது எனக்குத் தெரியாதே" என்கிறார். ஆச்சரியமாகக் கொடுக்கலாம் என்று மறைத்து வைத்திருந்தேன். மறந்தே போய்ப் படித்துக் காட்டிவிட்டேன்!

மூன்றாம் மாடி

வாரம் ஒரு சலவை என்றால் ஃபிளீஸ்தான். என் அடுக்குமாடியில் துணி காயப்போடும் இடத்துக்குக் காலை ஒன்பது மணிவரைதான் வெயில், மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. பஞ்சு வைத்த பருத்திப் போர்வை இரண்டு நாள் தொங்கி, பூசணவாசம் அடித்துத்தான் இறங்கும். ஃபிளீஸ் இரவு போட்டால் காலையில் காய்ந்திருக்கும். பித்தன் சொன்னாரே, ஒரு விழுக்காடுகூட உறிஞ்சாது என்று. அதே காரணத்தால்தான்.

பருத்திப்பித்தன்

என் கத்தியை எடுத்து என்னையே குத்துகிறீர்கள். சரி, அந்த நாற்காலிக்கு ஃபிளீஸ் என்பதை ஒப்புக்கொள்கிறேன். படுக்கைக்கு ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஆனால் இரண்டு விஷயம் சொல்லாமல் போகமாட்டேன். ஃபிளீஸைத் துவைக்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரோடு போகின்றன. நுண்வலைப் பையில் போட்டு, குளிர்ந்த நீரில், குறைந்த சுழற்சியில் துவைத்தால் கொஞ்சமாவது குறையும். அடுத்தது நெருப்பு. பருத்தி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். அதைப் போர்த்திக்கொண்டு காமாட்சி விளக்குப் பக்கம் யாரும் போகவேண்டாம்.

எதிரியைப் பற்றிப் படித்தும் வைத்திருக்கிறேன். இந்தத் துணி 1979இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில், லாரன்ஸ் என்ற ஊரில் இருந்த மால்டன் மில்ஸ் ஆலையில் பிறந்தது. ஆட்டு மயிர் இல்லாமல் கம்பளியின் சூடு வேண்டும் என்பதுதான் எண்ணம். 1993இல் படகோனியா நிறுவனம் பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்தே ஃபிளீஸ் சட்டை செய்து விற்றது. 1995 டிசம்பரில் அந்த ஆலை தீப்பிடித்து எரிந்தது. முதலாளி ஆரன் ஃபாயர்ஸ்டீன் வேலையில்லாமல் நின்ற தொழிலாளர்களுக்குச் சம்பளத்தை நிறுத்தவில்லை. துணி பிடிக்காது, அந்த மனிதரைப் பிடிக்கும்.

ரவாங் ராணி

பித்தன் அண்ணன் ஃபிளீஸைப் பாராட்டிய நாள் என்று நாட்காட்டியில் குறித்துவிட்டேன்.

தானா ராத்தா சித்தி

கேமரன் மலையிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்களுக்கு இந்த விவாதமே இல்லை, இரவில் எல்லோருக்கும் ஃபிளீஸ்தான். ஆனாலும் ஒரு குறை உண்டு. மலிவான ஃபிளீஸ் ஐந்தாறு சலவையில் மணிமணியாக உருண்டுகொள்ளும். கடையில் வாங்கும்போது கட்டைவிரலால் ஒரே இடத்தில் இருபது தடவை தேயுங்கள். பிசிறு திரண்டால் வாங்காதீர்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். துணிமென்மையாக்கி ஊற்றாதீர்கள், மயிர் படிந்து பிசுபிசுக்கும். குளியல் துண்டுகளோடு சேர்த்துத் துவைத்தால் துண்டின் பஞ்செல்லாம் கருநீலத்தில் வந்து உட்காரும்.

என் மகளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். அதற்கும் ஃபிளீஸ் போட்டே சின்னதாக ஒன்று தைக்க நினைக்கிறேன். சரியா?

காஜாங் தாதி

தையுங்கள் சித்தி, ஆனால் பிள்ளை தூங்கும் இடத்தில் போடாதீர்கள். ஒரு வயது முடியும்வரை தொட்டிலில் தளர்வான போர்வை எதுவும் கூடாது, பருத்தியானாலும் ஃபிளீஸானாலும். தரையில் விரித்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது விளையாட விடலாம்.

செந்தூல் கயல்

கணக்குப் போட்டுவிட்டேன். ஐந்து அங்குலச் சதுரமாக வெட்டி, கால் அங்குலத் தையல் போனால் நாலரை அங்குலம் நிற்கும். குறுக்கே ஒன்பது, நெடுக்கே பன்னிரண்டு. நாற்பதரைக்கு ஐம்பத்துநாலு அங்குலம், அப்பாவின் மார்புக்குக் கீழிருந்து பாதம்வரை அளந்துபார்த்தேன், சரியாக வருகிறது. பெருக்கிப் பார்த்தால் நூற்றெட்டுச் சதுரம். நான் திட்டமிடவில்லை, தானாக வந்தது.

ஃபிளீஸில் பன்னிரண்டு அங்குலப் பட்டை ஒன்று மிஞ்சும். முதலில் அதில் தையல் பழகிவிட்டு, பிறகு அதையே பாதப்பையாக்கிவிடலாம். ஓரத்துக்கு என்ன செய்வது? பட்டைத்துணி தனியாக வெட்டிக் கட்டவேண்டுமா?

ஜார்ஜ்டவுன் நூல்கண்டு

முதல் போர்வைக்கு வேண்டாம். ஃபிளீஸையே மேலே மடித்துவிடுங்கள். மேல்துணியின் ஓரத்துக்கு வெளியே ஓர் அங்குலம் விட்டு ஃபிளீஸை நேராக வெட்டி, அதை அப்படியே முன்பக்கம் கவிழ்த்து, வளைதையலில் (ஜிக்ஜாக்) ஒருமுறை ஓட்டுங்கள். பிசிறடிக்காத துணி என்பதால் ஒரே மடிப்பு போதும், கருநீலக் கரைபோட்ட சேலை மாதிரி இருக்கும். மூலையில் மட்டும் மடிப்புக்குமேல் மடிப்பு வந்து ஊசி திணறும், அங்கே சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

பட்டர்வொர்த் தையல்காரர்

வெட்டும் நாளில் பாபின் பெட்டியைத் திறந்து தூரிகையால் துடையுங்கள். இரண்டு பாபின் நூல் தீர்ந்ததும் மறுபடி துடையுங்கள். ஃபிளீஸ் மாவு உதிர்ப்பதுபோல் உதிர்க்கும்.

செந்தூல் கயல் (மூன்று வாரத்துக்குப் பிறகு)

முடிந்துவிட்டது.

முதல் சேலையில் கத்தரி வைக்கத்தான் ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது. இளம்பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்டது, ஏதோ ஒரு தீபாவளிக்கு எடுத்தது என்று நினைத்திருந்தேன். வெளிச்சத்தில் பிடித்தபோது ஐயா சொன்னதுபோலவே இடுப்புப் பக்கம் சல்லடையாகத் தெரிந்தது. முந்தானை நுனியில் மஞ்சள் கறை. அம்மா கை துடைக்கும் இடம். அந்தக் கறையை நடுவில் வைத்து ஒரு சதுரம் வெட்டினேன். அதன் பிறகு கை நடுங்கவில்லை.

பசைத்துணி ஒட்டியது பெரிய உதவி. வாக்கிங் ஃபுட் வாங்கினேன். முதலில் வாங்கியது பொருந்தவில்லை, ஐயா எச்சரித்தும் தண்டை அளக்காமல் போனது என் தவறு. மாற்றி வாங்கிவந்து தைத்தேன். மிஞ்சிய பட்டையில் இரண்டரை, மூன்று, மூன்றரை என்று வரிசையாகத் தைத்துப் பார்த்தேன். இரண்டரையில் போட்ட தையலை இப்போது தேடினாலும் கிடைக்கவில்லை, உண்மையிலேயே புதைந்துவிட்டது. மூன்றரையில் தைத்தேன். நாலாவது வரிசையில் மேல்துணி கொஞ்சம் குவிந்து ஒரு சிறு மடிப்பு விழுந்தது. பிரிக்கவில்லை. பாபின் பெட்டியைத் திறந்தபோது உள்ளே நீல எலிக்குட்டி அளவுக்குப் பஞ்சு உருண்டு கிடந்தது.

போன வியாழன் அப்பாவுடன் அனுப்பினேன். பகல் அழைத்துவரப் போனபோது உள்ளே எட்டிப் பார்க்க விட்டார்கள். கை வெளியே, கால் பைக்குள்ளே, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆனால் போர்வை தலைகீழாக இருந்தது. ஃபிளீஸ் மேலே, சேலைப் பக்கம் கீழே. இத்தனை பேர் இத்தனை நாள் அடித்துணி எது என்று விவாதித்தோம், அவர் அடித்துணியை மேலே போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்!

காரில் வரும்போது, "மெத்தென்ற பக்கம் உடம்பில் படவேண்டும் அப்பா, அதற்காகத்தான் அந்தத் துணி" என்று சொன்னேன். "தெரியும்" என்றார். செந்தூல் திருப்பம்வரை வேறொன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பச்சைச் சேலை தீபாவளிக்கு எடுத்தது இல்லை, உன் தங்கை பிறந்தபோது எடுத்தது" என்றார்.

பருத்திப்பித்தன்

உடம்பில் படுவது பருத்தி என்பதைப் பணிவுடன் குறித்துக்கொள்கிறேன்.

ஜார்ஜ்டவுன் நூல்கண்டு

குறித்துக்கொள்ளுங்கள் அண்ணே. கயல், ஃபிளீஸ் மேலே இருந்தால் தலைமுடியும் தூசியும் ஒட்டும். துவைப்பதற்கு முன் வெளியே ஒருமுறை உதறிவிடுங்கள்.

பட்டர்வொர்த் தையல்காரர்

கயல் அம்மா, நாலாவது வரிசை மடிப்பைப் படம் எடுத்துப் போடுங்கள். கண் மங்கினாலும் பார்க்கவேண்டும்.